கழுத்து வளைந்த கிட்டார்

என் வீட்டுக்கு முதன்முறையாக வரும் மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், நீங்கள் தமிழாசிரியர்தானே? இத்தனை கிட்டார் எதற்கு?"

ஈசூனில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டின் சாமான் அறையில் இப்போது நான்கு பேஸ் கிட்டார்களும் இரண்டு ஆம்ப் பெட்டிகளும் இருக்கின்றன. இவற்றுள் எதுவும் எனக்கென்று வாங்கியதன்று. பழையதாக வாங்குவேன், பழுது பார்ப்பேன், விற்றுவிடுவேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் என் பொழுதுபோக்கு. கணக்குப் பார்த்தால் பெரிய இலாபம் ஒன்றுமில்லை. அடுத்த கருவியை வாங்கும் அளவுக்குக் கையில் காசு நிற்கும், அவ்வளவே.

இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். தொழிலைச் சற்று விளக்கினால்தான் தவறும் விளங்கும் என்பதால், அன்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பிகள். சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும் என்றால், பேஸின் தடித்த கம்பி 41 முறை அதிரும். அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. ஒரு காலத்தில் இவ்வேலையை ஆளுயர டபுள் பேஸ்தான் செய்துவந்தது. அதைத் தூக்கிச் செல்லவும் முடியாது, கூட்டத்தின் இரைச்சலில் அதன் ஒலி கேட்கவும் கேட்காது. கலிஃபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1951ஆம் ஆண்டு தோளில் மாட்டிக்கொள்ளும் மின் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வீணையில் மெட்டு என்போமே, அதுபோன்ற உலோகப் பட்டைகளை அதன் கழுத்தில் பதித்திருந்தார். விரல் சற்றே முன்பின் விழுந்தாலும் சுரம் துல்லியமாக வரும் என்பதால் அதற்குப் 'பிரிசிஷன்' என்று பெயரிட்டார். பின்னர் 1960இல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்றளவும் உலகில் விற்கும் பேஸ் கிட்டார்கள் பலவற்றுக்கு இவ்விரண்டுமே முன்மாதிரி.

நம்மவர்களின் காதுக்குப் பேஸைப் பழக்கியவர் இளையராஜா என்பேன். அவருடைய இசைக்குழுவில் சசிதரன் வாசித்த பேஸ், பாட்டின் அடியில் தனியாக இன்னொரு பாட்டாக ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுக் கிறங்குபவர்களில் பலருக்கு அப்படியொரு கருவி ஒலிக்கிறது என்பதே தெரியாது.

எனக்கு இக்கருவியை அறிமுகப்படுத்தியவர் என் சிற்றப்பா. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் 1961ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்தனர். அதன்பிறகு இத்தீவில் மூலைக்கு மூலை கிட்டார் குழுக்கள் முளைத்தன. குவெஸ்ட்ஸ் என்ற உள்ளூர்க் குழுவின் இசைத்தட்டு 1964இல் இங்குள்ள தரவரிசையில் முதலிடத்துக்கே வந்தது. சிற்றப்பாவும் நண்பர் மூவருடன் சேர்ந்து, வார இறுதிகளில் ஆங்கிலேய மாலுமிகளின் நடன விருந்துகளில் பேஸ் வாசித்தார். 1971ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படைகள் சிங்கப்பூரை விட்டுச் சென்றபோது விருந்துகள் நின்றன, குழுவும் கலைந்தது. தளத்தில் கற்றுக்கொண்ட ஈயப் பற்றுவேலை மட்டும் அவர் கையில் தங்கிவிட்டது.

1998இல் அவர் தம் கருவிப்பெட்டியை என்னிடம் கொடுத்தார். கூடவே ஓர் அறிவுரையும் தந்தார். "பேஸ் வாங்கும்போது கழுத்தைப் பார். ஆம்ப் வாங்கும்போது பிளக்கைப் பார். மற்றதெல்லாம் பிறகு."

கழுத்தைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை, ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு நிகரானது. ஒரு வளர்ந்த மனிதர் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் முன்னோக்கி வளையத்தானே செய்யும்? அதைத் தடுக்கக் கழுத்தின் உள்ளே ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. அதன் முனையில் உள்ள நட்டை முறுக்கினால் கழுத்து பின்னோக்கி நிமிரும். தடித்த கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்தால், கம்பி ஓர் அளவுகோலாகிவிடும். ஏழாம் எட்டாம் மெட்டுகளின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பெயரட்டை நுழைந்தால் சரி. வங்கி அட்டையே தாராளமாக நுழைந்தால் கழுத்து மிகையாக வளைந்திருக்கிறது என்று பொருள். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வெளியே இந்த ஈரம், உள்ளே குளிர்சாதனத்தின் வறட்சி என்று மாறி மாறிப் பட்டால் எந்த மரமும் சும்மா இருக்காது.

அடுத்தது பிளக். இங்கு நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அங்கிருந்து வந்த பழைய ஆம்பை யாராவது பிளக்கை மட்டும் மாற்றி நம் சுவரில் செருகினால், நல்வாய்ப்பு இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் மின்மாற்றி புகைந்துவிடும். இரைச்சலைக் குறைப்பதாக எண்ணி எர்த் கம்பியை வெட்டிவிட்டவர்களும் உண்டு. அந்நிலையில் உள்ளே பழுது ஏற்பட்டால், கம்பியைத் தொட்டு வாசிப்பவரின் உடல்தான் எர்த். வால்வு ஆம்ப் இன்னும் பொல்லாதது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கக் கூடும். அவற்றை முறையாக இறக்காமல் நான் பெட்டிக்குள் கை வைப்பதில்லை.

அந்நாள்களில் என் சனிக்கிழமைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. தேக்காவில் பசியாறிவிட்டு, ரோச்சோர் கால்வாயை ஒட்டி நடந்து, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்குப் போவேன். தரையில் விரித்த தார்ப்பாயில் கைக்கடிகாரங்களுக்கும் பழைய தொலைபேசிகளுக்கும் நடுவே சில சமயம் ஒரு கிட்டார் கிடக்கும். அங்கிருந்து ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போய் மின்தேக்கி, சுவிட்ச், ஈயக்கம்பி வாங்குவேன். நேரம் இருந்தால் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த கிட்டார் கடைகளில் விலை விசாரித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவேன். சுங்கை ரோடு சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. அதற்கு முன்பே விற்பவர்களும் வாங்குபவர்களும் கைத்தொலைபேசிக்கு இடம் மாறியிருந்தார்கள். கரோசெல் 2012இல் தொடங்கப்பட்டது. இப்போது நான் பார்க்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை முதலில் படமாகத்தான் வருகின்றன. படத்தில் கழுத்து வளைவு தெரியாது.

இனி அந்தத் தவற்றுக்கு வருகிறேன்.

2009ஆம் ஆண்டு, ஜூன் பள்ளி விடுமுறைக்கு முன், ஒரு ஜப்பானிய பேஸை 250 வெள்ளிக்கு வாங்கினேன். அழகான கருவி. ஒலியும் நன்றாக இருந்தது. விற்றவர் அவசரப்பட்டார், மழையும் வருவதுபோல் இருந்தது. சிற்றப்பாவின் அறிவுரையை மறந்து, கழுத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சோதித்தால் வங்கி அட்டை வழுக்கிக்கொண்டு நுழைந்தது. தண்டை முறுக்கலாம் என்று கழுத்தைக் கழற்றினேன். எனக்கு முன் யாரோ நட்டை அதன் எல்லைவரை முறுக்கிவிட்டிருந்தார்கள். மரை தீர்ந்துவிட்டது. இன்னும் கால் சுற்றுத்தான் மிச்சம்.

அந்தக் கால் சுற்றையும் முறுக்கினேன். தடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, இழுவிசை குறைந்த மெல்லிய கம்பிகளை மாட்டினேன். கழுத்தின்மேல் அகராதிகளை அடுக்கி ஓரிரவு வைத்திருந்தேன். காலையில் கழுத்து நேராக இருந்தது. இது நிலைக்காது, சில வாரங்களில் மரம் மீண்டும் முன்னோக்கி வரும் என்பதை அறிவேன். ஆயினும், இம்முறை நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வந்தார்கள். மகன் அப்போதுதான் தேசிய சேவையை முடித்திருந்தார். தாம் சேர்த்த பணத்தில் முதல் பேஸ் வாங்க வந்திருந்தார். தந்தை கப்பல் பட்டறையில் பணிபுரிபவர். கிட்டாரைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தார்.

"எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். தம்பிக்கு ஆசை. வாத்தியார் வீட்டுலேர்ந்து வாங்குறோம், அந்த நம்பிக்கைதான்."

"நல்ல கருவிதான்" என்றேன்.

450 வெள்ளி. புத்தம் புதிய நோட்டுகள். குறையைச் சொல்லியிருந்தால் 300 வெள்ளி கிடைத்திருக்கும். அந்த 150 வெள்ளி இல்லாமல் என் வீட்டில் அடுப்பு எரியாமல் போயிருக்காது. என்னை ஏமாற்றி ஒருவர் விற்றுவிட்டார் என்ற எரிச்சலும், எனக்குப் பழுது பார்க்கத் தெரியாது என்று பிறர் எண்ணிவிடக் கூடாதே என்ற வீம்பும்தான் என் வாயை அடைத்தன.

விடுமுறை முடிந்த இரண்டாம் வாரம், உயர்நிலை வகுப்பில் 'நடுவுநிலைமை' அதிகாரம் பற்றிப் பேச நேர்ந்தது. அதன் கடைசிக் குறள் வணிகரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள்போலவே எண்ணிப் பேணுவதுதான் வணிகம் என்பது அதன் கருத்து. ஒரு மாணவி எடுத்துக்காட்டுக் கேட்டாள். காய்கறிக் கடைக்காரர் ஒருவர் அழுகிய தக்காளியை அடியில் வைத்துக் கட்டுவதைச் சொன்னேன். வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது என்பதுபோல, அந்தத் தக்காளியையே வகுப்பு முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு மாதம் அந்த இளைஞரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதன் சாரம் இது: 'சார், பேஸை யாராவது வாங்கிக்கொள்வார்களா? எனக்கு வரவில்லை. அரை மணி நேரம் வாசித்தால் விரல்கள் வீங்கிவிடுகின்றன. என் கை சிறியது என்று நினைக்கிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.'

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிங்கப்பூரின் ஈரப்பதம், மரத்தின் இயல்பு என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவரோ கருவியைச் சந்தேகிக்கவே இல்லை. கழுத்து வளைந்து, கம்பிகள் மேலே எழும்பி, ஒவ்வொரு சுரத்துக்கும் இரு மடங்கு அழுத்த வேண்டியிருந்ததை அவர் தம் கையின் குறை என்று நம்பிவிட்டார். இதுதான் முதல் கருவி. ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வேறொன்று இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. "எனக்குத் தமிழ் வராது சார்" என்று சொல்லும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். துருவிக் கேட்டால், எங்கோ ஒரு வகுப்பில் யாரோ ஒருவர் மூன்று ணகர னகர நகரங்களையும் ஒரே நாளில் அவசரமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அந்த 'யாரோ' சில சமயம் நானாகவும் இருந்திருக்கிறேன். கற்பித்ததில் இருந்த கோணலைப் பிள்ளை தன் நாக்கின் கோணல் என்று எண்ணிக்கொள்கிறது. பழைய பொருளில் குறையை மறைத்து விற்றால் வாங்கியவருக்குப் பணம்தான் நட்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கற்றுக்கொள்ள வந்தவரிடம் மறைத்தால், அந்தக் குறை அவருடையதாகவே மாறிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸுக்குப் போனேன். அப்போது கான்பரா நிலையம் கட்டப்படவில்லை. ஈசூனிலிருந்து மூன்றாவது நிலையம். அவ்வளவு குறுகிய பயணம் அன்று எனக்கு வசதியாக இல்லை.

இளைஞர் பேஸை எடுத்து வந்தார். தந்தையும் தாயும் கூடத்தில் இருந்தார்கள். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை அழுத்தச் சொல்லி, என் வங்கி அட்டையை நடுவில் நுழைத்துக் காட்டினேன். அது எங்கும் தொடாமல் நுழைந்து வெளியே வந்தது. "தம்பி, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. கழுத்து வளைந்திருக்கிறது" என்றேன். நட்டைப் பற்றியும் மெல்லிய கம்பிகளைப் பற்றியும் அகராதிகளைப் பற்றியும் சொன்னேன்.

தந்தை கேட்டார். "இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தாயார் கொண்டுவந்து வைத்த கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நூறு, நூத்தம்பது கொறைச்சுக் கேட்டிருப்பேன். வாங்காமப் போயிருக்க மாட்டேன்" என்றார். பிறகு மகனைப் பார்த்தார். "ரெண்டு மாசமா இவன் தன் கையவே பாத்துக்கிட்டு இருந்தான் சார்."

உறையில் வைத்திருந்த 450 வெள்ளியை நீட்டினேன். கருவியையும் பழுது பார்த்துத் தருவதாகச் சொன்னேன். தந்தை பணத்தை எண்ணினார். 150 வெள்ளியை எடுத்துக்கொண்டு 300 வெள்ளியை என்னிடமே திருப்பித் தந்தார். "முந்நூறு பெறும்னு நீங்கதானே சொன்னீங்க. சாமானுக்குரிய வெல சாமானுக்கு." அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

அந்தப் பழுதை அப்போதுதான் ஒழுங்காகச் செய்தேன். நேரான தடித்த பலகை ஒன்றோடு கழுத்தைச் சேர்த்து, நடுவில் சிறு கட்டை கொடுத்து, பிடிப்பான்களால் சற்றே பின்னோக்கி வளைத்துப் பிடித்தேன். நட்டைக் கழற்றி, தண்டின் முனையில் இரண்டு வாஷர்களைக் கோத்தேன். இப்போது நட்டு முன்பைவிட வெளியே நிற்பதால், முறுக்குவதற்கு மரை மீண்டும் கிடைத்தது. பிடிப்பான்களே கழுத்தை நிமிர்த்தி வைத்திருந்ததால் தண்டுக்கு அதிக வலியில்லாமல் முறுக்க முடிந்தது. வாஷர்களின் விலை சில காசுகள். வேலை ஒரு மாலை நேரம். ஜூன் மாதமே இதைச் செய்திருக்கலாம். ஆனால் உண்மையிலேயே நின்றதா என்று தெரிய வேண்டுமே. சரியான தடிமனுள்ள கம்பிகளை மாட்டி, முழுச் சுருதியில் ஏற்றி, மூன்று வாரம் சுவரில் தொங்கவிட்டேன். வாரம் ஒருமுறை அட்டைகளைக் கொண்டு சோதித்தேன். மூன்றாம் வாரமும் பெயரட்டை நுழைந்தது, வங்கி அட்டை நுழையவில்லை. அதன்பிறகே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சோதனையை அவருக்கும் கற்றுக்கொடுத்தேன்.

அன்றுமுதல் நான் விற்கும் ஒவ்வொரு கருவியிலும் ஓர் அட்டை தொங்கும். எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, எது இன்னும் ஓராண்டில் தொல்லை தரலாம் என்று மூன்று பத்திகள். அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. பெரும்பாலோர் அதைக் காட்டிப் பேரம் பேசிவிட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் மனைவி சொல்வதுபோல், என்னிடம் பேரம் பேசுவதற்கு நானே எழுதிக் கொடுக்கிறேன்.

2014ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு ஜப்பானிய ஆம்பை விற்க வைத்திருந்தேன். ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பார்க்க வருவதாகச் சொன்னார். கதவைத் திறந்தால் அந்த உட்லண்ட்ஸ் இளைஞர். திருமணம் ஆகியிருந்தது. நண்பர்களோடு ஒரு குழுவில் வாசிப்பதாகச் சொன்னார். அந்த பேஸ்தானா என்று கேட்டேன். அதுதான் என்றார்.

ஆம்பில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்தார். 100 வோல்ட் கருவி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இல்லாமல் செருகக் கூடாது. எர்த் கம்பி புதிதாகப் போட்டது. ஒலியை மிக உயர்த்தினால் சிறு இரைச்சல் வரும். ஒலிப்பானின் விளிம்பில் ஒட்டுப் போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் நிதானமாகப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், நானும் ஒருதடவை பாத்துக்கட்டுமா?"

"பாருங்க தம்பி" என்றேன்.

அவர் ஆம்பைத் திருப்பி வைத்து, முழங்காலிட்டு, முதலில் பிளக்கைப் பார்த்தார். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.